ஆறு ஷில்லிங் நியாயம்

சுற்றுப்பயணமாக வந்த ஓர் அணியோடு ரக்பி ஆடி, நாற்பது ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பும் இளைஞர்களைப் பற்றி நம்மிடையே நிலவும் அபிப்பிராயம் இரண்டு வேஷங்களில் உலவுகிறது. ஒன்று கடுகடுப்பானது: நம் பிள்ளைகளின் சரீரம் அந்த ஆட்டத்துக்கு ஏற்றதன்று, களியும் சோறும் தின்று வளர்ந்தவன் வேளைக்கு வேளை இறைச்சி தின்று வளர்ந்தவனோடு தோளுக்குத் தோள் மோதலாமா, ஆசைக்கும் ஓர் எல்லை வேண்டாமா என்பது. மற்றது இனிப்பானது: தோற்றால் என்ன, பாவம், துணிந்து இறங்கினார்களே, அதுவே பெரிது, முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்புங்கள் என்பது. முன்னதைச் சொல்பவர் நமக்குக் கோபமூட்டுகிறார்; பின்னதைச் சொல்பவர் நல்லவராகத் தோன்றுகிறார். ஆனால் இருவரும் காலூன்றி நிற்கும் சித்தாந்தம் ஒன்றே. பிள்ளைகள் மைதானத்தில் இறங்குமுன்பே அவர்களுடைய எலும்பிலும் சதையிலும் தோல்வி எழுதப்பட்டிருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதை உரக்கச் சொல்கிறார், மற்றவர் மரியாதை கருதி விழுங்கிக்கொள்கிறார். நான் மறுக்க விரும்புவது அந்த நம்பிக்கையைத்தான்.

ஓசூரில் இந்த ஆட்டம் இன்னும் வேரூன்றவில்லை. பெங்களூரில் உண்டு, சென்னையில் உண்டு. இரண்டுக்கும் போகிற வழியில் கிடக்கும் நம் ஊருக்கு ஆட்டம் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகின் இறுதியாட்டத்தில் சென்னை புல்ஸ் என்ற அணி டெல்லி ரெட்ஸை 41–0 என்று நசுக்கியபோது, பாகலூர் சாலை டீக்கடைகளில் அதைப் பற்றி ஒரு பேச்சாவது எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆயினும் ரக்பி என்ற பெயரை எடுத்த மாத்திரத்தில், "அதெல்லாம் நம்ம பசங்க ஒடம்புக்குத் தாங்காதுப்பா" என்ற தீர்ப்பு, கேட்காமலே, கிளாஸ் கீழே வைக்கப்படுவதற்குள் வந்துவிடுகிறது. விசாரணையின்றி வழங்கப்படும் இத்தகைய தீர்ப்புகளுக்கே ஆயுசு அதிகம் என்பதால், சற்று விஸ்தாரமாகவே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் பூர்விகம். ரக்பியில் இரண்டு சாதி உண்டு. பதினைந்து பேர் ஆடுவது யூனியன். பதின்மூன்று பேர் ஆடுவது லீக். பின்னது எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதை நம் தொழிற்பேட்டைக்காரர்கள் அறிந்தால் திடுக்கிடுவார்கள் என்றே நினைக்கிறேன். அது பிரபுக்களின் பள்ளிக்கூடத்துப் பசும்புல்லில் பிறக்கவில்லை. வட இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நடுவே, யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும், ஹடர்ஸ்ஃபீல்டு, விகன், லீட்ஸ், ஓல்டம் போன்ற புகை படிந்த ஊர்களில், ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளிகளின் ஒரு கோரிக்கையிலிருந்து பிறந்தது. கோரிக்கை அற்பமானது என்றே சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போவதற்காக மில்லில் வேலையை விட்டுப் போகிற தொழிலாளிக்கு அந்த அரை நாள் கூலி பிடிக்கப்படுகிறது. பிடிக்கப்பட்ட கூலியைச் சங்கம் ஈடு செய்யட்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது. ஆடுவதற்குச் சம்பளம் அல்ல, ஆடியதால் போன சம்பளம்.

1893 செப்டம்பரில் லண்டனில் கூடிய ரக்பி யூனியன் சபை இந்தக் கோரிக்கையை 136-க்கு எதிராக 282 வாக்குகளால் தள்ளியது. தள்ளிய கனவான்களின் நியாயம் என்ன? ஆட நேரமும் வசதியும் இல்லாதவன் ஆடாமலிருக்கட்டும் என்பதே. கொடுமையான நியாயம்தான், ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. உனக்கு உடம்பு போதாது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் வடக்கத்திச் சுரங்கத் தொழிலாளிகள் தெற்கத்திக் கனவான்களை மைதானத்தில் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் யாருடையது என்பதே தகராறு என்று இரு தரப்பும் உணர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திச் சங்கங்கள் உறவை முறித்துக்கொண்டு தனி யூனியன் கண்டன. இழந்த நேரத்துக்கு ஈடாக ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்று விதித்தன. 1898-இல் ஆடுபவனுக்குச் சம்பளமே தரலாம் என்று அனுமதித்தபோதுகூட, அவனுக்கு வேறு உண்மையான தொழில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டன. உலையிலும் தறியிலும் நின்றவன் அங்கேயே நின்றுகொண்டு ஆட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பதின்மூன்று பேர் ஆட்டம் என்பதும், பிடிபட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவது என்பதும் 1906-இல் வந்த திருத்தங்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் ஆன்மா ஆறு ஷில்லிங்கில் இருக்கிறது.

ஓசூருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் வளாகம் எழுந்ததும், பின்னர் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்ததும், ரோஜாத் தோட்டமும் ராகிக் கொல்லையுமாக இருந்த மேட்டுநிலம் ஷிப்டு சங்குக்குக் கண்விழிக்கும் ஊராக மாறியதும் எல்லோரும் அறிந்தவை. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளோடு, ஒடியாவும் இந்தியும் பேசுகிற பிள்ளைகளும் இன்று ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். இத்தனை ஆயிரம் இளைஞர்கள் ஒரே இடத்தில் திரண்டிருக்கும் ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. அப்படிப்பட்ட ஊரின் ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் ஓர் இளைஞனை இறக்கிவிடும்போது காலை ஏழு மணி ஆகியிருக்கும். ஐந்து பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் அறையில், பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இவன் படுக்க வேண்டும். பாய் இன்னும் சூடாகவே இருக்கும். எட்டு மணிக்கு மைதானத்துக்கு வா என்று கூப்பிடுகிற நண்பனுக்குப் பதில் சொல்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டால் அவனைச் சோம்பேறி என்பார்கள். ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு அவன் எழுந்து போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். போனால், லாரிகள் நிற்கிற காலி மனைதான் மைதானம். ஜல்லி பொறுக்கிவிட்டுத்தான் ஓட முடியும். பத்து மணிக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வரும்: ஆள் குறைகிறது, ஓ.டி.க்கு வருகிறாயா என்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி விதித்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்பது இவனுக்கு இரண்டு நாள் கூலியை மண்ணில் போடுவதாகும். ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளிக்குப் போனது அரை நாள். நூற்று முப்பது ஆண்டுகளில் கணக்கு நமக்குப் பாதகமாகவே மாறியிருக்கிறது.

அதே சட்டத்தின் நலப் பிரிவை எடுத்துப் பாருங்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும்; 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் உணவறையும் வேண்டும்; 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அது விதித்திருந்தது. எல்லாம் அவசியமானவை, போராடிப் பெற்றவை. விளையாட்டுத் திடல் என்ற பேச்சு அந்தப் பட்டியலில் எங்கும் இருக்கவில்லை. தொழிலாளிக்கு வயிறு உண்டு, களைப்பு உண்டு, குழந்தை உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டத்துக்கு அவனுக்கு இருபது வயது என்பது தோன்றவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்புக் கிளம்பியதும் பத்தே நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டதே, அதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து நாளில் ஓசூரில் எவரும் ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க நியாயமில்லை. தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படவே பொழுது போதவில்லை.

இப்படிப்பட்ட ஒருவனை, வாரத்தில் நான்கு நாள் பயிற்சியும், வேளைக்கு முட்டையும் பாலும், தசை பிடித்தால் தேய்த்துவிட ஓர் ஆளும், தலையில் அடிபட்டால் உட்கார வைக்க ஒரு மருத்துவரும் உடைய சுற்றுப்பயண அணிக்கு எதிரே நிறுத்தி, அவன் தோற்றபின் அவன் தோளின் அகலத்தை அளப்பது என்ன நியாயம்? அளக்க வேண்டியது அவன் கடிகாரத்தை அல்லவா?

உடம்பு வாதிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நேரம் கொடுத்தாலும் வராது ஐயா, பரம்பரை அப்படி என்பார்கள். அவர்களை நான் புவனேசுவரத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். அங்கே 1990-களின் தொடக்கத்தில் 125 பழங்குடிப் பிள்ளைகளோடு தொடங்கிய கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம், இன்று பல்லாயிரம் பிள்ளைகளுக்கு இலவசமாக உறைவிடமும் உணவும் கல்வியும் தருகிறது. 2007-இல் அந்தப் பள்ளியின் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்கள், ரக்பிப் பந்தை முதன்முதலாகத் தொட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், லண்டனில் நடந்த சர்வதேசப் பள்ளிப் போட்டிக்குப் போனார்கள். சுற்றுப்பயண அணி அங்கே அவர்கள்தாம். ஏளனப் பார்வைக்கு உரியவர்களும் அவர்கள்தாம். இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியை வென்று கோப்பையோடு திரும்பினார்கள். ஒடிசாவின் காட்டுக் கிராமங்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளின் பரம்பரையில் ரக்பி எங்கே இருந்தது? ஊட்டச்சத்து மிகுந்த வம்சமா அவர்களுடையது? ஓசூர்ப் பையனைவிட அவர்கள் எந்த விதத்தில் கொழுத்தவர்கள்? ஒன்றே ஒன்று அவர்களிடம் இருந்தது, இவனிடம் இல்லை. காலையில் எழுந்தால் மைதானம் வாசலில் இருந்தது. மைதானத்துக்குப் போனதற்காக அவர்களுடைய சோறு குறையவில்லை.

இது விதிவிலக்கு என்று தள்ள நினைப்பவருக்கு இன்னொன்று. 1965–66-இல் லண்டன் பள்ளிகளின் கிரிக்கெட் அணி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது, அதை எதிர்த்து ஆடிய இந்தியப் பள்ளிகள் அணியில் சுனில் கவாஸ்கரும் மொஹிந்தர் அமர்நாத்தும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தலைவன் ஏக்நாத் சோல்கர். சோல்கரின் தகப்பனார் பம்பாய் ஹிந்து ஜிம்கானாவின் மைதானப் பராமரிப்பாளர். குடும்பம் வசித்தது அந்த மைதானத்தின் ஓரத்திலிருந்த ஒற்றை அறையில். ஏழ்மை என்றால் அப்படிப்பட்ட ஏழ்மை. ஆனால் மற்ற ஏழைப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போக ரயிலையும் விடுமுறையையும் எதிர்பார்த்திருக்க, இந்தப் பிள்ளை கண் விழித்ததே மைதானத்தில். பிற்காலத்தில் 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்து, தலைக்கவசம் இல்லாமல் மட்டைக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் நின்ற அந்த மனிதரின் துணிச்சலைப் புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். அவருடைய வீட்டு வாசலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

சரி, புள்ளி வித்தியாசத்தைப் பற்றிச் சொல்கிறார்களே, அதுவாவது சத்தியமா? நாற்பது புள்ளியில் தோற்றவன் நாளைக்கும் தோற்பான் என்பதே இவர்களுடைய கணிதம். 1995 உலகக் கோப்பையில் ஜப்பான், நியூசிலாந்திடம் 145–17 என்று தோற்றது. நூற்று நாற்பத்தைந்து! அன்று ஜப்பானியரின் உயரத்தையும் எடையையும் பற்றி எழுதப்படாத பரிகாசம் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2015-இல், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்காவை அதே ஜப்பான் 34–32 என்று வீழ்த்தியது. இருபது ஆண்டில் ஒரு ஜாதியின் எலும்பு வளர்ந்துவிடாது. அது யூனியன் ஆட்டம்தான், லீக் அல்ல. ஆனால் லீகிலும் சாட்சி இருக்கிறது, அதுவும் சுற்றுப்பயண அணிகளின் சாட்சி.

1933-இன் கடைசி நாளன்று பாரிஸில், பதின்மூன்று பேர் ஆட்டம் எப்படியிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடின, ஆஸ்திரேலியா 63–13. அதற்குச் சில மாதங்களுக்குள், யூனியனால் விலக்கப்பட்டிருந்த ழான் காலியா என்பவர் ஓர் அணியைத் திரட்டி, தாங்கள் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளாத ஆட்டத்தை, அதில் ஊறியவர்களின் சொந்த மண்ணான வட இங்கிலாந்திலேயே போய் ஆடினார். ஆறு ஆட்டங்கள், வென்றது ஒன்றே. நம் ஊர் ஞானிகள் அங்கே இருந்திருந்தால் அந்த ஆறாவது ஆட்டத்தோடு காலியாவை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்து வந்த ஏப்ரலில் பிரான்ஸ் இங்கிலாந்தோடு முதல் சர்வதேச ஆட்டம் ஆடி 32–21 என்று தோற்றது, மீண்டும் ஆடியது. நடுவே 1941-இல் பிரான்ஸின் விஷி அரசு லீக் ஆட்டத்தையே தடை செய்து, சங்கங்களின் சொத்தைப் பறித்துக்கொண்டது என்பது வேறு கதை, யுத்தத்தின் அட்டூழியங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. இத்தனைக்குப் பிறகும் 1951-இல் பிரெஞ்சு அணி ஆஸ்திரேலியாவுக்கே சுற்றுப்பயணம் போய், டெஸ்டுத் தொடரை 2–1 என்று வென்றது. அந்த அணியின் நாயகன் புய்க்-ஓபேர் குள்ளமானவர், தொந்தி விழுந்தவர், சிகரெட்டை விடாதவர். உடம்பு வாதிகள் அவரைக் கண்டிருந்தால் நடுவராகக்கூட ஏற்றிருக்க மாட்டார்கள்.

"வெள்ளைக்காரனை விடுங்க, நமக்கு நம்ம கபடி போதாதா?" என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் எழும். நான் கபடியின் பக்தன். அதனாலேயே இந்த வாதத்தில் ஒளிந்திருக்கும் அபாயம் எனக்குத் தெரிகிறது. ரெய்டுக்கு வந்தவனின் கணுக்காலைப் பிடித்து மடக்குகிற பையனுக்கு ரக்பி லீகின் பிடி அந்நியமானதன்று. ஆறு முறை பிடிபட்டால் பந்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னால், நம் பிள்ளைகள் அரை மணியில் அதன் நுட்பத்தைக் கண்டுகொள்வார்கள். மாசி வாக்கில் நம் மாவட்டத்துக் கிராமங்களில் எருது விடும்போது, கொம்பில் கட்டிய தடுக்கைப் பறிக்க ஓடுகிறவனின் காலையும் கண்ணையும் பார்த்தவர் எவரும், அவனுக்கு மோத அஞ்சும் சுபாவம் என்று சொல்லத் துணிய மாட்டார். அந்நிய ஆட்டம் என்பதும் முழு உண்மையல்ல. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இன்றும் ஆண்டுதோறும் ஆடுகிற கல்கத்தா கோப்பை, 1870-களில் கல்கத்தாவில் கலைந்த ஒரு ரக்பி சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள். மூடியின் மேல் நிற்பது யானை.

ஆனால் நான் அபாயம் என்று சொன்னது வேறு. கபடி நம்முடையது, ஆகையால் நம்மிடம் தோற்பவன் என்றும் தோற்பான் என்று நாம் நினைத்திருந்தோமே, அதன் விளைவு என்ன? ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் ஈரானை 2010-இல் 37–20 என்று வென்றோம். 2014-இல் 27–25 என்று மூச்சு வாங்க வென்றோம். 2018-இல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே 27–18 என்று ஈரான் நம்மை வெளியேற்றியது. அதே ஆண்டு பெண்கள் இறுதியாட்டத்திலும் ஈரான் 27–24. அந்த ஈரானியப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் நாசிக்கின் ஷைலஜா ஜெயின். 2023-இல் ஆண்கள் தங்கத்தை மீட்டோம், ஆட்டத்தை நடுவில் நிறுத்தி நெடுநேரம் வாதாடிய பிறகு. தோற்கிற அணி தோல்வியைக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பமாகக் கொண்டால் எட்டே ஆண்டில் என்ன செய்யும் என்பதை நாம் எதிர்ப்புறத்தில் நின்று அனுபவித்தவர்கள். அப்படியிருக்க, நாமே தோற்கும்போது மட்டும் அதை விதி என்று ஏற்பது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்தது?

இனி அந்த இனிப்புக்காரர்களைக் கவனிப்போம், ஏனெனில் என் அனுபவத்தில் கடுகடுப்புக்காரர்களைவிட இவர்களே அதிகம் கெடுக்கிறார்கள். துணிந்து ஆடினார்கள் என்று சொல்லி மாலை போட்டுவிட்டால், அதற்குமேல் ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. இளைஞர் அணி ஒன்று 44–6 என்று தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 44 எப்போது வந்தது? முற்பாதியில் 10, பிற்பாதியில் 34 என்றால் அந்தப் பிள்ளைகள் எலும்பில் தோற்கவில்லை, நுரையீரலில் தோற்றிருக்கிறார்கள். ஆறு வாரத்து ஓட்டப் பயிற்சி அதில் பாதியைத் துடைக்கும். புள்ளிகள் எங்கே வந்தன? இரண்டு ஓரங்களிலும் என்றால், நடுவில் பிடித்தவர்கள் எழுந்து பின்வாங்கி வரிசை கட்டுமுன் எதிரி பந்தை ஓரத்துக்குக் கடத்திவிட்டான் என்று பொருள். அது பழக்கக் குறை, ஒரே பதின்மூன்று பேரும் சேர்ந்தாற்போல் மாதக்கணக்கில் பயிற்சி செய்யாததன் குறை. செய்ய முடியாது, ஏனெனில் மூவர் ஏ ஷிப்டு, நால்வர் பி ஷிப்டு, மிச்சம் பேர் நைட். பிடி தவறியது இடுப்புக்கு மேலே பிடித்ததாலா, கீழே பிடித்ததாலா? ஐந்தாவது பிடிக்குப் பிறகு பந்தை உதைத்தவன் எங்கே உதைத்தான்? இந்தக் கேள்விகளைக் கேட்கிறவன்தான் அந்தப் பிள்ளைகளை ஆட்டக்காரர்களாக மதிக்கிறான். முதுகில் தட்டுகிறவன் அவர்களைக் குழந்தைகளாகவே வைத்திருக்க விரும்புகிறான்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மோதல் ஆட்டத்தில் வயதும் எடையும் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. பதினாறு வயதுப் பையனைப் பத்தொன்பது வயதுக்காரனுக்கு எதிரே நிறுத்துவது வீரமல்ல, அஜாக்கிரதை. வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும், மைதானத்தில் மருத்துவர் நிற்க வேண்டும், தலையில் அடிபட்டவனை அவன் கெஞ்சினாலும் திரும்ப இறக்கக் கூடாது. இவை அனைத்தும் ஆட்டத்தை ஒழுங்காக நடத்துவதற்கான நிபந்தனைகள்; ஆட்டத்தை நடத்தாமலிருப்பதற்கான காரணங்கள் அல்ல. முதலில் நம்மளவு அணிகளோடு பத்து வருஷம் ஆடட்டும், பிறகு பெரிய அணியைப் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தன்னைவிடச் சிறந்தவனோடு மோதாதவனுக்குத் தன் குறை எது என்றே தெரியாது. பாப்புவா நியூகினி லீக் ஆட்டத்தையே தேசிய விளையாட்டாகக் கொண்ட நாடு. அது 1975-இல் இங்கிலாந்திடம் 40–12 என்று தோற்றது. 1990-இல் சுற்றுப்பயணம் வந்த கிரேட் பிரிட்டனைத் தன் மலைநாட்டு ஊரான கொரோகாவில் 20–18 என்று வென்றது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டும் அது சுற்றுப்பயண அணிகளை அழைத்துத் தோற்றுக்கொண்டும், இடையிடையே வென்றுகொண்டும் இருந்தது.

பெண்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்திருக்கிறேன். எதிர்த்தரப்பு அவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதும் ஒரு காரணம். இந்திய ரக்பியில் நம்பிக்கை தருகிற செய்திகள் பெரும்பாலும் பெண்களிடமிருந்தே வருகின்றன. 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்று, பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் சர்வதேச வெற்றியைத் தேடித் தந்தவர்கள் அவர்கள். ஒடிசா, பிகார், வங்காளக் கிராமங்களிலிருந்து அந்த ஆட்டத்துக்குப் பெண்கள் வருகிறார்கள். அதே மாநிலங்களிலிருந்து அதே வயதுப் பெண்கள் ஓசூரின் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கும் வருகிறார்கள். முன்னவர்கள் தேசிய அணியில் ஆடுகிறார்கள். பின்னவர்கள் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டும்.

யார் பணம் கொடுப்பது என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதின்மூன்று பேரும் நான்கு மாற்றுக்காரர்களும் சேர்ந்து பதினேழு பேர்; வாரத்தில் இரண்டு மாலை, இரண்டிரண்டு மணி நேரம் ஷிப்டிலிருந்து விடுவிப்பு, கூலி பிடிக்காமல்; ஆட்டம் நடக்கிற ஞாயிறு அன்று ஓ.டி. போனதற்கு ஈடு. இவ்வளவுதான் ஆறு ஷில்லிங்கின் இன்றைய உருவம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஓர் ஆலையின் வரவுசெலவில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை. ஆயுத பூஜைக்கு லாரிகளில் கட்டும் வாழைமரச் செலவோடு ஒப்பிடத் தக்கது. சிப்காட் வளாகத்துக்குள் மனை ஒதுக்கும்போது ஒரு மைதானத்துக்கும் மனை ஒதுக்கும்படி கேட்பது அரசாங்கத்துக்கு அசாத்தியமான காரியமல்ல. மத்திகிரியில் குதிரைக்கும் மாட்டுக்கும் ஆங்கிலேயர் காலத்திலேயே நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒதுக்கிய தாலுக்கா இது.

இவ்வளவும் செய்த பிறகும், இரண்டு பருவம் முழுதும் ஒன்றாகப் பயிற்சி பெற்று, தூங்கி எழுந்து, வயிறாரத் தின்று மைதானத்தில் இறங்கிய பதின்மூன்று பேர் நாற்பது புள்ளியில் தோற்பார்களேயானால், டீக்கடை நண்பர் தம் உடம்புச் சித்தாந்தத்தை மறுபடி எடுத்து வரட்டும்; நான் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்து கேட்கிறேன். அதுவரை அவர் அளந்துகொண்டிருப்பது அந்தப் பையன்களின் தோளையல்ல, அவர்கள் போட்ட ஓ.டி.யைத்தான்.